குளவி கொட்டிய இடம்

மிக்சி ஓடும்போது நான் வீட்டுக்குள் இருக்கமாட்டேன். சட்னி அரைக்கப்போகிறாள் என்றால் என் மனைவி அம்சா முன்கூட்டியே சொல்லிவிடுவாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மாந்தோப்புக்குப் போய்விடுவேன். அவளையோ எங்கள் ஒரே மகள் மோகனப்ரியாவையோ நான் குரல் உயர்த்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பள்ளிப்பட்டு சாலையில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள் ஐயா, சிங்காரம் அதிர்ந்து பேசாத மனுஷன் என்றுதான் சொல்வார்கள்.

துப்பாக்கியைப் பற்றிக் கேட்டீர்கள். தோப்பில் காட்டுப்பன்றித் தொல்லை என்று சொல்லி முறைப்படி லைசென்ஸ் வாங்கிய பாயிண்ட் டூ டூ ரைபிள்தான். சாதாரணத் தோட்டா போட்டால் சாட்டை சொடுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். எனக்கு அது சகிக்கவில்லை. சென்னையில் குறிபார்த்துச் சுடப் பழகும் ஒரு கிளப்பில் உறுப்பினராக இருந்தபோது வேறொரு தோட்டா கிடைத்தது. மருந்து குறைவு, வேகமும் குறைவு. ஒலியின் வேகத்தை அது தாண்டாது என்பதால் அந்தச் சொடுக்கு இருக்காது. யாரோ எங்கோ தாழ்ப்பாள் போட்ட மாதிரி கேட்கும், அவ்வளவுதான். பன்றியை அது ஒன்றும் செய்யாது, உண்மைதான். பன்றிக்காக நான் அதை வாங்கவும் இல்லை.

முதலில் கிளிகளைச் சுட்டேன். பிறகு மலையிலிருந்து இறங்கி வரும் குரங்குகளை. அப்புறம் பக்கத்து நிலத்து ஜம்புலிங்கத்தின் நாயை. ஓயாமல் குரைக்கும் நாய் அது. குண்டு பட்டதும் அது கத்தக்கூட இல்லை. விலாவைத் திரும்பிப் பார்த்து நக்கியது, தொட்டியில் தண்ணீர் குடித்தது, நிழலில் போய்ப் படுத்தது. சாயங்காலம் செத்துக் கிடந்தது. பூச்சி பொட்டு ஏதாவது கடித்திருக்கும் என்று ஜம்புலிங்கமே சொன்னான். ஆமாம் என்றேன். குழி வெட்டும்போது கூடவே நின்றேன்.

நவீன்குமாருக்கு வருகிறேன். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருக்கிற வீட்டுப் பையன். நல்ல பையன். அவன் என்ன சாதி, நாங்கள் என்ன சாதி என்று நான் ஒருநாளும் பேசியதில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். தறிச் சத்தத்தில் வளர்ந்தவன், எதையும் கத்தித்தான் சொல்வான். எனக்கு ஒத்துவராதது அது ஒன்றுதான். என் மகளைத் திருத்தணி மலைமேல் கூட்டிப்போய்த் தாலி கட்டிவிட்டு நேராக என் வாசலில் வந்து நின்றான்.

"மாமா, கட்டிக்கினு வந்துட்டோம். ஆசீர்வாதம் பண்ணுங்க."

தெருவே திரும்பிப் பார்த்தது. வள்ளியை முருகனே யாருக்கும் தெரியாமல்தானே கட்டினார் என்று அம்சா சமாதானம் சொன்னாள். சாமி சங்கதி வேறு. சாமிக்கு என்னைப்போல் அரிசி மண்டியில் நின்று நாலு பேருக்கு முகம் காட்டவேண்டிய அவசியம் இல்லை.

நான் சண்டை போடவில்லை. உள்ளே வாங்க என்றேன். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கும் அழைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் தோப்பைப் பார்க்கவேண்டும் என்று அவனே ஆசைப்பட்டான். முன்னால் போகச் சொல்லிவிட்டு நான் பம்புசெட் அறைக்குள் போனேன். ஜன்னலுக்கு நேரே அவன் மாங்காய் பறிக்கக் கையைத் தூக்கினான். முதுகில், விலாவுக்குக் கீழே சுட்டேன். கிளையில் இருந்த காக்கை கூடப் பறக்கவில்லை.

வெளியே வந்தபோது முதுகைத் தடவிக்கொண்டு நின்றான்.

"என்னமோ கொட்டிச்சு மாமா."

"குளவிதான். தோப்பு முழுக்கக் கூடு கட்டிக்கினு கீது" என்றேன்.

சட்டையில் பட்டாணி அளவு ரத்தம். கையைப் பிடித்துக் கூட்டிவந்து கட்டிலில் படுக்கவைத்தேன். என் மகள் ஓடிவந்தாள்.

"இன்னா ஆச்சு நைனா இவருக்கு?"

"குளவி கொட்டிச்சும்மா. சுண்ணாம்பு தடவு, சரியாப் பூடும்."

அம்சாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பு எடுத்து, அந்த ஓட்டையின் மேல் விரலால் தடவி, வாயால் ஊதினாள். எரியுதா என்று கேட்டாள்.

"ஆங், கொஞ்சம்" என்றான். அன்றைக்குத்தான் அவன் முதன்முதலாக மெல்லப் பேசினான். எனக்கு அவனைப் பிடித்துக்கூடப் போயிற்று.

தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தான். உதடு வெளுத்தது. அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தவள், "கல்லு மாதிரி கீது நைனா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள். வெயில் தாழட்டும்மா என்றேன். சொன்ன பேச்சைக் கேட்டு விசிறிக்கொண்டு உட்கார்ந்தாள். வெயில் தாழ்வதற்குள் அவன் அவள் மடியில் போய்விட்டான்.

என்னைத்தான் கட்டிக்கொண்டு அழுதாள் ஐயா. அவனோடு பழகியதிலிருந்து என் பக்கத்தில் வராத பெண், என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நைனா நைனா என்று அழுதாள். தலையைத் தடவிக்கொடுத்தேன். குளவி கொட்டியும் சிலர் சாவதுண்டு என்று சொன்னேன், நம்பினாள். எனக்கு என் பெண் திரும்பக் கிடைத்தாள்.

நீங்கள்தான் உடலை அறுக்கச் சொன்னீர்கள். உள்ளே இருந்த ஈயத்துண்டை இந்த மேஜைமேல் வைத்து அவளிடம் காட்டினீர்கள். சுட்டது நான்தான். சாவான் என்று தெரிந்தே சுட்டேன், தெரிந்தே அவளைச் சுண்ணாம்பு தடவச் சொன்னேன், தெரிந்தே வெயில் தாழட்டும் என்றேன். அதில் மாற்றுப் பேச்சு இல்லை. ஆனால் அந்த விரலைத் தரையில் தேய்த்துத் தேய்த்து ஸ்டேஷனே கேட்கும்படி அலறினாளே, அதற்கு நான் பொறுப்பாக முடியாது. பெற்ற மனசு துடிக்கிறது. அவளிடம் நீங்கள் அதைக் கொஞ்சம் மெல்லச் சொல்லியிருக்கலாம்.