உயர்த்திய கட்டில்

காலையில் எழுந்தவுடன் என் இடது முழங்கால்தான் முதலில் முனகும். பிறகு இடுப்பு. பல் துலக்கி முடிப்பதற்குள் இரண்டும் அடங்கிவிடும். சின்ன வயதிலேயே மூட்டைக்கு அடியில் போன உடம்பு, டாக்டரம்மா. வலி அதில் வாடகையில்லாமல் குடியிருக்கும் சொந்தக்காரன் மாதிரி. துரத்தவும் முடியாது, உபசரிக்கவும் வேண்டாம்.

நீங்கள் கேட்டது என் முழங்காலைப் பற்றி இல்லை. மாப்பிள்ளையின் தொடைகள் ஏன் இப்படி வற்றிப்போயின என்று கேட்டீர்கள். அவரைப் பக்கத்து அறையில் படுக்க வைத்து, என் தங்கையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் மட்டும் கேட்டீர்கள். உங்களுக்குப் பாதி தெரிந்துவிட்டது என்று அப்போதே புரிந்தது. மீதியை நான் சொல்கிறேன்.

கிடங்கில் மூட்டை தூக்கும் வேலையை விட்டபின் ஒரு பழைய பட்டறையை வாடகைக்குப் பிடித்து உடற்பயிற்சிக்கூடம் வைத்தேன். மெஷின் எதுவும் கிடையாது. மணல் மூட்டை, கயிறு, மரக்கட்டை, தரை, அவ்வளவுதான். உட்கார்ந்து எழுவது, குனிந்து எடுப்பது, தள்ளுவது, இழுப்பது, சுமப்பது, தவழ்வது. உடம்புக்குத் தெரிந்த அசைவுகளே இவைதான். நாற்காலியில் கிடந்து இவற்றை மறந்தவர்கள் என்னிடம் வருவார்கள். "காசு குடுத்து மூட்டை தூக்க வர்றாங்களா? எங்க பக்கமும் நாலு பேரை அனுப்புடா" என்று கிடங்கு ஆட்கள் கிண்டலடிப்பார்கள். ஆனால் அந்த வேலை எனக்குக் கைவந்தது. தரையில் உட்கார்ந்தால் எழவே முடியாத ஒரு கிழவரைத் தானாக எழ வைத்திருக்கிறேன். அதற்கு நான் செய்தது ஒன்றுதான். கை கொடுக்கவில்லை.

மாப்பிள்ளை கணக்காளர். தூரத்து ஊர் ஒன்றுக்கு மாற்றல் வந்திருந்தது. தங்கை பெட்டிகளையெல்லாம் கட்டி முன்னறையில் அடுக்கியிருந்தாள். கட்டிய கயிறுகூட என் பயிற்சிக்கூடத்துக் கயிறுதான். அம்மா போனபின் அவளுக்குத் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, கட்டிக்கொடுத்தது நான். எனக்கென்று வேறு யாரும் இல்லை. கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் மழையில் மாப்பிள்ளையின் பைக் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. அதில் எனக்குப் பங்கில்லை. அதை மட்டும் நம்புங்கள்.

அறுவை முடித்த டாக்டர் தெளிவாகச் சொன்னார். "நரம்பு அறுபடல. எலும்பு கூடினதும் பயிற்சி ஆரம்பிச்சிடணும். ஆறு மாசம் விடாம செஞ்சா நடந்துடுவார். சும்மா போட்டு வெச்சீங்கன்னா கஷ்டம்."

"எங்கண்ணன் இருக்காரு டாக்டர், அவர் தொழிலே அதான்" என்றாள் தங்கை. டாக்டர் எனக்குக் கை கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த அன்று மாப்பிள்ளையை இரண்டு கையிலும் ஏந்தி மாடி ஏற்றினேன். "மெதுவா மச்சான், எனக்குக் கல்யாணத்துலகூட இந்த மரியாதை கெடைக்கல" என்றார். தெருவே சிரித்தது. எங்கள் கிடங்கில் ஒருவன் மூட்டையோடு விழுந்தால் யாரும் எழுந்திரு என்று சொல்ல மாட்டார்கள். இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். அதுதான் எங்களுக்குத் தெரிந்த மரியாதை. முதல் சில வாரம் நான் அவரைத் தூக்கியது அந்தப் பழக்கத்தில்தான்.

அதன்பின் தூக்கியது பழக்கத்தில் இல்லை.

காலையில் கட்டிலிலிருந்து குளியலறைக்கு. அங்கிருந்து நாற்காலிக்கு. மாலையில் மறுபடி கட்டிலுக்கு. தங்கை பக்கத்தில் நின்று பார்ப்பாள். "நீ இல்லேன்னா நாங்க என்னண்ணே பண்ணியிருப்போம்" என்பாள். கட்டிய பெட்டிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். பாத்திரங்கள் அலமாரிக்குத் திரும்பின. மாற்றலை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

"மச்சான், பயிற்சி எப்ப ஆரம்பிக்கிறோம்?" என்று மாப்பிள்ளை கேட்பார்.

"அவசரப்படாதீங்க மாப்பிள்ளை. எலும்பு நல்லா கூடட்டும்."

எலும்பு கூடிவிட்டது. எக்ஸ்ரேயைக் கொண்டுபோய்க் காட்டி, பயிற்சியைத் தொடங்கலாம் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு வந்தவனே நான்தான். தங்கையிடம் இன்னும் ஓய்வு வேண்டுமாம் என்றேன்.

ஒரு நாள் மதியம் சொல்லாமல் போனேன். தங்கை துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போயிருந்தாள். அப்போது அவர்கள் கட்டில் தாழ்வானது. மாப்பிள்ளை அதிலிருந்து மெல்லச் சரிந்து தரையில் குப்புறக் கிடந்தார். எதிரே அவர் மகள், நிற்கப் பழகும் வயசு. அவள் கையை ஊன்றி ஒரு முழம் தவழ்ந்தாள், இவரும் தவழ்ந்தார். அவள் முக்காலியின் காலைப் பிடித்து எழுந்தாள். இவரும் பிடித்தார். ஒரு முழங்கால் தரையில் ஊன்றி நின்றது. சட்டை முழுக்க வியர்வை. என்னைப் பார்த்ததும் திருட்டுத்தனம் பிடிபட்ட பையனைப்போலச் சிரித்தார்.

"எங்க வாத்தியாரம்மா உங்களவிடக் கறார் மச்சான். ஓய்வுன்னா என்னன்னே தெரியல."

நானும் சிரித்தேன். என் கண் அவர் இடுப்பில் இருந்தது. இடுப்பு எடையைத் தாங்கியது. தொடை நடுங்கினாலும் விடவில்லை. இந்த மனிதர் தானே எழுந்து நடந்துவிடுவார் என்று என் தொழில் எனக்குச் சொன்னது. யாரும் கற்றுக்கொடுக்காமல், நான் ஊரெல்லாம் கற்றுக்கொடுக்கும் அதே அசைவுகளை அவர் ஒரு குழந்தையைப் பார்த்துச் செய்துகொண்டிருந்தார்.

மறுநாள் என் பயிற்சிக்கூடத்திலிருந்து நாலு மரக்கட்டை கொண்டுவந்தேன். ஆட்கள் ஏறி இறங்கிப் பழகும் கனமான கட்டைகள். கட்டிலின் நாலு காலுக்கும் அடியில் வைத்தேன்.

"குனிஞ்சு குனிஞ்சு அவருக்குச் செய்யறதுல உன் முதுகு போயிடும்மா" என்றேன். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது.

மாப்பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்து கையைக் கீழே விட்டுப் பார்த்தார். தரை எட்டவில்லை. கீழே நின்ற மகளின் தலையும் எட்டவில்லை. கட்டைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கணக்கு எங்கே இடிக்கிறது என்று பார்த்தவுடன் பிடிக்கிறவர் அவர்.

"ரொம்ப உயரமா இருக்கே மச்சான்."

"விழுந்துடாதீங்க. அதான் நான் இருக்கேன்ல."

"விழுந்தா விழுந்துட்டுப் போறேனே."

கட்டை ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தேன். அதன்பின் அவர் பயிற்சியைப் பற்றிக் கேட்கவில்லை. தங்கையிடமும் வாய் திறக்கவில்லை. கேலிப் பேச்சும் நின்றது. முன்பெல்லாம் தூக்கும்போது என் கழுத்தைச் சுற்றிக் கை போடுவார். இப்போது கைகள் அவர் மடியிலேயே கிடக்கும். தானாக ஒத்துழைக்காத உடம்பு இரட்டைக் கனம். அதைத் தூக்கித் தூக்கி என் புஜம் இந்த வயதிலும் தடித்திருக்கிறது. அவர் தொடையிலிருந்து வற்றியது எங்கே போனது என்று கேட்டால், இங்கே வந்தது என்று என் தோளைத்தான் காட்ட வேண்டும்.

தங்கை பிரிந்துவிடுவாள் என்ற பயத்தில் செய்தேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழுக்க உண்மை இல்லை. விடுமுறைக்கு வந்து போயிருப்பாள்; என்னையும் கூப்பிட்டிருப்பாள். அவரை நான் ஏந்தி நிற்கும்போது அவள் என்னைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை எனக்கு வேண்டியிருந்தது. நல்ல மனிதன் என்ற பெயருக்கு ஒரு நடக்காத மனிதர் தேவைப்பட்டார். ஆறு மாதமும் தாண்டிவிட்டது. வேண்டுமென்றேதான் தாண்டவிட்டேன். இன்று அவளாக உங்களிடம் கூட்டிவந்திருக்காவிட்டால் இன்னும் தாண்டியிருக்கும்.

கதவைத் திறந்து அவளைக் கூப்பிடுங்கள். ஆனால் அதற்கு முன் அவரைக் கீழே கொண்டுபோய் வண்டியில் உட்கார வைத்துவிட்டு வருகிறேன். உங்கள் படிக்கட்டு செங்குத்து, அவரால் தனியாக முடியாது.

அவருக்கு நான் இரண்டு கால்கள் பாக்கி. இன்னும் கொடுக்கவில்லை.