பலகையில் இல்லாத பெயர்

காலை 7.20க்கு மூதூர் பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது, முன் இருக்கைக்காரர் கழுத்து டையைக் கழற்றினார்.

“டை கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேக்க ஏலாது.”

அவரோடு கணக்கு எழுதிக் கொடுக்கும் கந்தோரை நடத்தும் பெண் பக்கத்தில் இருந்தார்.

“வாடிக்கையாளர்ட பேரைக் கந்தோர் வாசல் பலகையில போட்டா புது ஆக்கள் வருவினம் எண்டு நீங்கதானே சொன்னீங்கள், அண்ணன்?”

“ஓம். போட்ட மூண்டு பேரும் எங்களை விட்டிட்டுப் போயிட்டினம். வரிக்காரர் வாசிச்சிட்டுத் தேடி வருவினமாம்.”

“ஐஸ் பக்டரி ஹாஜியார்ட பேரைப் போடேல்லத்தானே? அவருக்கென்ன கோவம்?”

“தன்ர பேரை மட்டும் ஏன் போடேல்ல எண்டுதான். அவரும் போனா, கந்தோரைப் பூட்டவேண்டியதுதான்.”

“அப்ப என்ன சொல்லப்போறீங்கள்?”

“அவருக்குத் தனிப் பலகை.”

“அதை வரிக்காரர் வாசிக்க மாட்டினமோ?”

மூதூரில் இறங்கிய இருவரும் முதலில் பெயர்ப்பலகை எழுதும் கடைக்குள் போனார்கள்.