மூன்றரைத் தட்டு தட்ட முடியாது

நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, நான் வாயைத் திறக்கும் முன்பே கடிகாரத்தைப் பார்த்துவிட்ட தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் முதுபெரும் பெரியோர்களே! மடியில் கிடக்கும் பிள்ளையை அதட்டும் சாக்கில் என்னையும் சேர்த்து அதட்டும் தாய்மார்களே! ஊதி ஊதி மைக்கைச் சோதித்தே மூச்சு வளர்த்த ஒலிபெருக்கித் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தக் கிழவனின் கனிந்த வணக்கம்.

நம் சங்கத்துக்கு இன்று புதிய டிஜிட்டல் ஒலிப்பெட்டி வந்திருக்கிறது. அதைப் பற்றிப் பேச என்னை ஏன் மேடை ஏற்றினார்கள்? நான் படித்தவனா? கையெழுத்துக் கேட்டால் கட்டைவிரலை நீட்டுகிறவன். பட்டம் பெற்றவனா? பட்டம் விட்டதுகூடக் கிடையாது. ஆனால் இந்தப் பெட்டி செய்கிற வேலையை, இது பிறக்கும் முன்பே நானும் என் அண்ணியும் ஒரு இரும்புக் குழாயை வைத்துக்கொண்டு செய்திருக்கிறோம். அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் ஐயா, அண்ணியும் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார்.

குரல் என்பது என்ன? ஓடும் நீர். ஏறும், இறங்கும், இழையும், குழையும். எந்த இடத்தில் ஒரு சொட்டு முடிந்து மறு சொட்டு தொடங்கியது என்று யாரால் காட்ட முடியும்? ஆனால் பெட்டிக்கு ஓடத் தெரியாது, எண்ண மட்டுமே தெரியும். அப்படியானால் ஓடுவதை எண்ணாக்க வேண்டும், எண்ணை மறுபடி ஓட வைக்க வேண்டும். இந்த இரண்டு வேலைதான் அதன் வயிற்றுக்குள் நடக்கிறது.

எங்கள் வெந்நீர்க் குளியல்கூடத்தில் நடந்ததும் அதுவே. மாடியில் தொட்டி, கீழே அடுப்பு. தொட்டியில் குளிர்ந்த நீர் எப்போதும் விழுந்துகொண்டிருக்கும். வெந்நீரை எவ்வளவு விடுவது என்பது கீழே வால்வு பிடித்த என் கையில். அடுப்பு இரைச்சலில் மேலிருந்து கத்தினால் கேட்காது. அதனால் அண்ணி, தொட்டியை மறைத்த திரைக்கு வெளியே, தொட்டி நீர் வழிந்தோடும் சிறு வாய்க்காலில் முழங்கையை முக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டுக் கரண்டியால் குழாயில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் வால்வை நூலளவு திற. எட்டு என்றால் முழுக்கத் திற. நான்கு என்றால் பாதி, அதுதான் இதமான அளவு. முழங்கை உணர்ந்த சூடு எண்ணாயிற்று, எண் என் கையில் மறுபடி நீராயிற்று. அண்ணி ஒரு மாற்றி, நான் ஒரு மாற்றி. நடுவே குழாய், பாவம், அதற்குச் சூடும் தெரியாது குளிரும் தெரியாது.

ஒருநாள் மூன்று போதவில்லை, நான்கு அதிகம் என்று அண்ணி மூன்று தட்டிவிட்டு நான்காவதைச் செல்லமாகத் தட்டினார். எனக்குச் செல்லமும் ஒன்றுதான், கோபமும் ஒன்றுதான்; நான்கு என்றே எண்ணினேன். மூன்றரைத் தட்டு தட்ட முடியுமா? எங்களுக்கு எட்டே படி. பெட்டிக்குப் பல்லாயிரம் படி, அதனால்தான் படிக்கும் படிக்கும் நடுவே உள்ள இடைவெளி நம் காதுக்குத் தெரிவதில்லை. நான் வால்வைத் திருப்பும்போது நீரும் படிப்படியாகக் குதிக்கும். வால்வுக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு பெரிய செம்புக் கலனை வைத்தோம். குதித்து வந்த நீர் அதில் கொஞ்சம் தங்கி, சாந்தமாகி, சாதுவாக வெளியேறியது. பெட்டியின் மறுமுனையிலும் அப்படி ஒன்று உண்டு.

என்னம்மா? பெட்டி அருகே நிற்கும் என் பேத்தி, தள்ளி நின்று பேசச் சொல்லிக் கை காட்டுகிறாள். அதிகம் கத்தினால் மேல்படியில் முட்டி மண்டை தட்டையாகிவிடுமாம் என் குரலுக்கு. தெரியும் கண்ணு. எட்டுக்கு மேல் தட்டு இல்லை. நீர் சில்லிட்டாலும் எட்டு, பனிக்கட்டி மிதந்தாலும் எட்டு.

இப்போது கேளுங்கள், என் அண்ணன் மகளின் கல்யாணம் தொட்டிக்குள் தத்தளித்த கதையை. ஒரு லாரி ஓட்டும் பையனும் அவளும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பையனின் அப்பா லாரி முதலாளி. மலை போன்ற உடம்பு, மலையிலும் மழை இல்லாத மலை, முகத்தில் சிரிப்பே இராது. பெண் பார்க்க வந்தவர், முதலில் உங்கள் குளியல்கூடத்தில் குளிக்கிறேன், தொழில் செய்கிற கையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று தொட்டியில் இறங்கிவிட்டார்.

அடுப்பில் விறகு தள்ளியவர் அண்ணன். அவருக்கு ஒரே பாட்டு. அதற்குச் சரணம் எத்தனை என்று கேட்காதீர்கள். ஒருவர் போய் முடி வெட்டிக்கொண்டு வந்துவிடலாம். பல்லவிக்குத் திரும்பும்போதெல்லாம் விறகைத் தள்ளுவார். நெருப்பு பிடித்து, சரணத்தின் நடுவில் கொழுந்துவிட்டு, பல்லவி வரும்போது அடங்கிக் கிடக்கும். அண்ணியோ மேலே வேறு வேலை பார்த்தபடி, குழாய் வழியே பல்லவி கேட்டால் மட்டும் முழங்கையை முக்குவார். கணவர் பாட்டுத்தான் அவருக்குக் கடிகாரம். அதற்கு முன் தொட்டியில் ஒரு முழுப் பாட்டு நேரம் ஊறியவர் யாருமில்லை, அதனால் குட்டு வெளிப்படவில்லை.

என்ன ஆயிற்று? முக்கும்போதெல்லாம் நீர் சில். எட்டுத் தட்டு. நான் முழுக்கத் திறந்தேன். சரணத்தில் கொதிநீர் பாய்ந்தது. மறுபடி பல்லவி, மறுபடி சில், மறுபடி எட்டு. அண்ணி பொய் சொன்னாரா? இல்லை. நான் தவறாகத் திருப்பினேனா? இல்லை. அண்ணன் பிசகாகப் பாடினாரா? அது வேறு விஷயம். மூவரும் சரி, தொட்டியில் மனிதர் வெந்துகொண்டிருந்தார். லாரி முதலாளி ஒரு சரணத்துக்கு ஒருமுறை எழுந்து நிற்பதும், பல்லவிக்கு ஒருமுறை நடுங்கி உட்காருவதுமாக இருந்தார்.

"இது குளிக்கிற இடமா, துணி வேகவைக்கிற இடமாம்மா?" என்றார் திரைக்குப் பின்னாலிருந்து.

"இப்பத்தான் பார்த்தேங்க. சில்லுன்னுதான் இருக்கு" என்றார் அண்ணி.

கல்யாணம் கைநழுவுகிறது என்று பெண்ணுக்குப் புரிந்தது. ஓடிவந்து கரண்டியைப் பிடுங்கினாள்.

"அம்மா, அப்பா பாட்டுக்குத் தாளம் போட்டது போதும். நடுவுல முக்கிப் பாரு."

முக்கிப் பார்த்த அண்ணி கையை உதறிய வேகத்தில் வளையல் வாய்க்காலில் விழுந்தது. அண்ணனைப் பாடாதே என்று சொல்ல உலகில் ஆளில்லை. அதனால் மகள் வரிக்கு ஒருமுறை முக்கினாள், வரிக்கு ஒருமுறை தட்டினாள். இரண்டு, ஐந்து, ஏழு, மூன்று என்று என்னை வால்வோடு சுழற்றி எடுத்தாள். பெருமக்களே, இதுதான் சூட்சுமம்! எப்போதாவது எட்டிப் பார்க்கிறவன் கண்டது உண்மையாகாது. மாறுகிற வேகத்தைவிடப் பார்க்கிற வேகம் இருமடங்குக்கு மேல் இருக்க வேண்டும். அதனால்தான் இந்தப் பெட்டி நொடிக்குப் பல்லாயிரம் முறை என் குரலில் முழங்கை வைக்கிறது.

மெல்ல மெல்ல நீர் வசத்துக்கு வந்தது. நான்கு. மறுபடி நான்கு. லாரி முதலாளி எழுவதும் உட்காருவதும் நின்றது. என்ன முடிவு என்று திரைக்கு வெளியே நின்று மெதுவாகக் கேட்டார் அண்ணி. மறுபடி கேட்டார். மூழ்கிவிட்டாரோ என்று பயம்.

கீழே நான் குழாயில் காதை வைத்தேன். டங், டங், டங், டங். கரண்டிச் சத்தமில்லை, மோதிரச் சத்தம். அவ்வளவு நேரம் உள்ளே கிடந்து எங்கள் கணக்கை அவரே கற்றுக்கொண்டிருந்தார். கழுத்தளவு சுகத்தில் வாய் திறக்க மனமில்லாமல் சம்மதத்தைத் தட்டிவிட்டார். நான் வால்வைப் பாதியில் விட்டுவிட்டு, "நாலுங்க, நாலு!" என்று கத்திக்கொண்டே மாடி ஏறினேன்.

அந்த நான்கு தட்டு விழாவிட்டால் கல்யாணம் இல்லை. கல்யாணம் இல்லாவிட்டால், அந்தப் பெண்ணுக்குப் பிறந்து, இதோ பெட்டியருகே நின்று என் குரலை எண்ணிக்கொண்டிருக்கும் என் பேத்தியும் இல்லை. இவள்தான் முதலில் இந்தப் பெட்டியைத் திறந்துகாட்டி, "தாத்தா, இது நம்ம குளியல்கூடம்தான்" என்றவள்.

தலைவர் மூன்றாம் முறை கடிகாரம் பார்க்கிறார். முடித்துவிட்டேன் ஐயா. பொறுத்துக் கேட்ட பொன்னான நெஞ்சங்களுக்கு நன்றி. பேச்சு பிடித்திருந்தால் கைதட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். நாற்காலிக் கையில் நான்கு தட்டுங்கள், போதும். நான் இறங்கிக்கொள்கிறேன், வணக்கம்.