காலுக்குப் பூஜ்யம்

புள்ளி பிரிப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, மேடம். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். ரூசே நகரப் பேருந்துப் பணிமனையில் ஓட்டுநர்களுக்கு முறைப்பட்டியல் போடுவது என் வேலை. யாரை எங்கே எவ்வளவு நேரம் நிறுத்துவது என்று பதினோரு வருடமாக யோசித்து வருகிறவனுக்கு ஒரு விளையாட்டில் எழுபது புள்ளியைப் பிரிப்பதா கஷ்டம்?

விளையாட்டின் பெயர் 'சாம்பல் துறை'. கணினியில் ஆடுவது. மூன்று பேர் சேர்ந்து ஓர் இடிந்த துறைமுகத்துக்குள் இறங்க வேண்டும். கிடைத்ததைப் பொறுக்கிக்கொண்டு, சுட வருகிறவர்களிடமிருந்து தப்பி, படகு கிளம்புவதற்குள் ஏறிவிட வேண்டும். ஏறினால் எடுத்ததெல்லாம் சொந்தம். செத்தால் எல்லாம் போச்சு. ஆட ஆடப் புள்ளி சேரும். காலுக்குப் போட்டால் வேகமாக ஓடலாம். தோளுக்குப் போட்டால் நிறையச் சுமக்கலாம். கைக்குப் போட்டால் குறி தப்பாது. ஒரு தடவை போட்டால் போட்டதுதான், அந்த ஆட்டப் பருவம் முடியும்வரை திரும்ப எடுக்க முடியாது. எனக்கு அதில் பிடித்ததே அதுதான்.

எங்கள் அணியில் நான், என் தம்பி பிளாமென், வர்னாவிலிருந்து ராலித்சா என்ற பெண். அவளை நாங்கள் நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் பழக்கம். பிளாமென் என்னைவிட ஏழு வயது சின்னவன். என்னைவிட நன்றாக ஆடுவான். நான் நோட்டில் எழுதி எழுதிக் கண்டுபிடிப்பதை அவன் விரல் தானாகவே செய்துவிடும். பதினெட்டு வயதில் தலைநகர் சோஃபியாவுக்குப் போனவன். விளையாட்டில் பேசுவதோடு சரி, வீட்டுப் பக்கம் வரமாட்டான்.

போன பிப்ரவரியில் பனி உறைந்த சாலையில் அவன் பைக் சறுக்கியது. முதுகுத்தண்டில் அடி. அறுபடவில்லை, நசுங்கியிருக்கிறது என்றார்கள். முதல் ஒரு வருடம்தான் முக்கியம், அதற்குள் தினமும் காலுக்குப் பயிற்சி கொடுத்தால் கோல் ஊன்றியாவது நடந்துவிடுவான் என்றார் மருத்துவர். அப்பா அம்மா இல்லை. என் வீடு தரைத்தளம். அவனுக்கு வேறு எங்கே போக்கிடம்?

அந்த வசந்தகாலம் எனக்கு நன்றாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. காலையில் அவனுக்குப் பாலாடைக்கட்டி வைத்துப் பானித்சா சுட்டு வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். திரும்பி வந்து சாவியைத் திருப்பியதும், "அண்ணா, தயிர் வாங்கினியா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். ஒன்பது வருடம் தனியாகச் சாப்பிட்டவன் நான்.

ஏப்ரலில் விளையாட்டில் புதுப் பருவம் தொடங்கியது. மூன்று பேருக்கும் நான்தான் திட்டம் போட்டேன். எனக்குக் காலும் கையும். ராலித்சாவுக்குக் கை. பிளாமெனுக்குத் தோள், முழுக்கத் தோள்.

"அண்ணா, கால்ல ஒரு பத்தாவது போடேன்," என்றான். "நெஜத்துலதான் ஓட முடியல. அங்கயாவது ஓடிக்கறேன்."

"அணிக்குச் சுமக்க ஓர் ஆள் வேணும்டா. என்னை நம்பு."

"பொதிக்கழுதைன்னு நேராச் சொல்லுங்களேன் லூபென்," என்று ராலித்சா சிரித்தாள். "ஏய் பிளாமென், புல்லு வேணுமா?"

அவனும் சிரித்தான். பிறகு நான் சொன்னபடியே புள்ளிகளைத் தோளுக்குப் போட்டான்.

சுமை ஏறியவனால் ஓட முடியாது. துரத்துகிறவர்கள் முதலில் அவனைத்தான் பிடிப்பார்கள். நல்ல பொருள்களை எங்களிடம் வீசிவிட்டு அவன் அங்கேயே நின்று சுட்டுக்கொண்டிருப்பான். அவர்கள் அவனை முடிப்பதற்குள் எங்கள் படகு கிளம்பிவிடும். ஏப்ரலில் நாற்பத்தோரு முறை இறங்கினோம். நான் முப்பத்தெட்டு முறை உயிரோடு வந்தேன். அவன் ஆறு முறை. அணி என்று பார்த்தால் அது எங்களுக்கு வாய்த்ததிலேயே நல்ல மாதம். திட்டம் சரி என்பதற்கு வேறென்ன வேண்டும்?

ராலித்சாதான் கெடுத்தாள். படகில் ஏறியவள் மறுபடி இறங்கி அவனைத் தேடிப் போவாள். இரண்டு பேரும் சேர்ந்து சாவார்கள், சிரித்துக்கொண்டே.

மே மாதம் ஒருநாள் பணிமனையிலிருந்து சீக்கிரம் வந்தேன். கூடத்தில் பிளாமென் ஆடிக்கொண்டிருந்தான். திரையில் இருந்தது எனக்குத் தெரியாத புது உருவம். சேர்ந்த புள்ளி முப்பதையும் காலுக்கே போட்டிருந்தான். கிடங்குக் கூரைகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டிருந்தான். "ஓடு கழுதை, ஓடு!" என்று ராலித்சா கத்துவது அவன் ஹெட்ஃபோனிலிருந்து வெளியே கேட்டது. நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் என்னைக் கவனிக்கவில்லை.

அன்று சாப்பிடும்போது அவனே சொன்னான். "அண்ணா, வலது கட்டைவிரல் அசையுது. இன்னைக்கு மட்டும் ரெண்டு தடவை. நடக்க ஆரம்பிச்சதும் வர்னா போயிடுவேன். ராலித்சா வரச் சொல்றா."

"நல்லது," என்றேன். அவன் தட்டில் இன்னொரு கரண்டி பீன்ஸ் சூப் ஊற்றினேன்.

விசாரணைக்கென்று நீங்கள் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். இஸ்க்ரா என்ற இயன்முறைப் பயிற்சியாளர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்து அவனைப் பார்ப்பார். மறுநாள் புதுப் பயிற்சித் தாளை எனக்கு மின்னஞ்சலில் அனுப்புவார். நான் அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவேன். அந்த வாரம் ஒட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் திருத்தினேன். முழங்காலை மடக்கி நீட்டுவது அறுபது தடவை என்று இருந்தது. ஆறு ஆக்கினேன். ஒரு பூஜ்யத்தை எடுப்பது எவ்வளவு சின்ன வேலை. கம்பியைப் பிடித்து எழுந்து நிற்பதை எடுத்தேன். அந்த நேரத்தைத் தோளுக்கும் கைக்கும் கொடுத்தேன். மொத்த நேரத்தில் கை வைக்கவில்லை. முன்பு போலவே தினமும் இரண்டு மணி நேரம் அவன் வியர்க்க வியர்க்கச் செய்தான். அவன் சோம்பேறி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இஸ்க்ரா நேரில் வந்தால் தெரிந்துவிடும் அல்லவா. அதனால் பிளாமென் எழுதியது போல அவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன், வேறு பயிற்சியாளர் கிடைத்துவிட்டார், மிக்க நன்றி என்று. அவர் அன்பாக வாழ்த்திப் பதில் போட்டார். பிளாமெனிடம், இஸ்க்ராவுக்கு வேலை அதிகம், இனித் தாள் மட்டும்தான் வரும் என்றேன். அதன் பிறகு தாள்களை நானே எழுதினேன். "நல்ல முன்னேற்றம், பிளாமென்" என்று மேலே ஒரு வரி. அவன் அதைத்தான் முதலில் படிப்பான்.

கடைசித் தாள்களில் காலே இல்லை.

ஆகஸ்டில் ஒருநாள், "அண்ணா, விரல் அசையறது நின்னுபோச்சு," என்றான். "நான் ஒழுங்காத்தானே செய்யறேன்?"

"ஒழுங்காத்தான் செய்யறே," என்றேன். அதில் பொய் இல்லை.

அவன் அழுதான். தலையைத் தடவிக்கொடுத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லன்னா நான் என்ன ஆகியிருப்பேன்," என்றான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் வாயால் சொன்னது.

அக்டோபர் பதினொன்றாம் தேதி ராலித்சா சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறி வந்தாள். பாலில் செய்த இனிப்பு ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்திருந்தாள். அதை உள்ளே வைக்க ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனவள் தாளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"பிளாமென், இதுல கால் எங்க?"

அவன் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான். "இஸ்க்ரா எழுதறதுதான். நாலு மாசமா தோளுக்குன்னு சொல்லியிருக்காங்க."

"நாலு மாசமாவா?"

தாளின் தலைப்பில் இஸ்க்ராவின் தொலைபேசி எண் இருந்தது. நம்பும்படி இருக்கட்டும் என்று நான்தான் அதை அழிக்காமல் விட்டிருந்தேன். ராலித்சா அங்கேயே நின்று எண்ணை அழுத்தினாள், எல்லோருக்கும் கேட்கும்படி. இஸ்க்ராவுக்கு அவனை நன்றாக நினைவிருந்தது. "இப்போ நடக்கிறாரா?" என்றுதான் முதலில் கேட்டார்.

பிளாமென் என்னைத் திட்டவில்லை. "எப்பலேர்ந்து?" என்றான்.

"மே பதினாலு," என்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

அவன் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். கால்சட்டைக்குள் இரண்டும் குச்சியாகிப் போயிருந்தன. போனது போனதுதான், இனிமேல் அதிகம் எதிர்பார்க்க முடியாது என்ற மருத்துவர் அறிக்கை உங்கள் மேசையிலேயே இருக்கிறது.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்தே செய்தேன், நூற்றைம்பது நாள், ஒவ்வொரு நாளும். கோபத்தில் செய்ததாக மட்டும் எழுத வேண்டாம். அவன் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை.

ராலித்சா அவனை வர்னாவுக்குக் கூட்டிப் போய்விட்டாள். அவள் வீடு நான்காம் மாடியாம், லிஃப்ட் இல்லையாம். எத்தனை நாளைக்குத் தூக்குவாள்? அவன் கட்டிலை நான் நகர்த்தவில்லை. போர்வையை வாராவாரம் துவைத்து மடித்து வைக்கிறேன். எனக்கு எத்தனை வருடம் கொடுப்பார்கள் என்று மட்டும் சொல்லுங்கள், மேடம். அவன் திரும்பி வரும்போது வீட்டில் யாராவது இருக்க வேண்டும்.