ஒரே கடையில் வாங்கிய பல்புகள்

– அண்ணி, ஒங்க வீட்டுலயும் பல்பு கண்ணக் கூசுதா?

– கூசுறதா? இங்க கொள்ளிக்கட்டையாட்டம் செவந்து கெடக்கு இசபெல். பிள்ள மூஞ்சியே தெரியல.

– இங்க மேல் லயத்துல எல்லா வீட்டுலயும் பல்பு பகலா எரியுது. கோழிக்குஞ்சுக்குப் போட்ட குண்டு பல்பு, வெள்ள வெளேர்னு. குஞ்செல்லாம் பயந்து மூலையில ஒதுங்கிருச்சு.

– அப்ப எங்க கரண்ட உறிஞ்சுறது நீதானா?

– வெளையாடாதீங்க அண்ணி. ரெண்டு பல்பும் ஹட்டன்ல ஒரே கடையில வாங்கினது. ஒரே வாட்ஸ்.

– மழைக்கு இப்பிடித்தான். கை வச்சா சுடுது, வெளிச்சந்தான் வரல. கைப்பிள்ளைக்குச் சூடு போதும், விடு.

– அண்ணே வந்துட்டாரா?

– கொழும்புலருந்து சனிக்கிழமதான. நானும் பிள்ளையுந்தான்.

– மேல வந்துருங்களேன். என்னமோ பயமா இருக்கு.

– இந்த மழையிலயா? கதவு வேற ஊதிப்போச்சு பிள்ள. காலையிலருந்து மல்லுக்கட்டித்தான் தெறக்குறேன்.

– ஐயோ.

– என்ன? இசபெல்?

– பல்பு டப்புன்னு போயிருச்சு. இருங்க, எங்க வீட்டுக்காரரு என்னமோ சொல்றாரு… ஒரு லயத்துல கூடி ஒரு லயத்துல கொறஞ்சா, கரண்டு போஸ்ட்டுல நியூட்ரல் கம்பி அறுந்திருக்குமாம்.

– மரம் விழுந்திருக்கும்.

– மரம் விழல. காத்தே இல்லியே அண்ணி. அப்ப கம்பிய எது இழுத்துச்சு?

– எனக்கென்ன தெரியும்.

– மலையிலருந்து எறங்குற பீலித் தண்ணி எப்பிடி வருது?

– மத்தியானத்துலருந்து சேறா வருது. ஏன் கேக்குற? பயங்காட்டாத.

– பிள்ளையத் தூக்குங்க.

– இப்பத்தான் தூங்குச்சு.

– தூக்குங்க அண்ணி. மெய்யாலும் சொல்றேன்.

– தூக்கிட்டேன். பல்பு சுத்தமா அணைஞ்சிருச்சு. இசபெல், கதவு அசைய மாட்டேங்குது.

– ஒதைங்க.

– ஒதைச்சிட்டேன். ஜன்னல்லயும் கம்பி போட்டு வச்சிருக்காரு ஒங்க அண்ணே. மாதாவே.

– இவரு கோடாலிய எடுத்துக்கிட்டு ஓடியாறாரு. போன வைக்காதீங்க. பின்பக்கம் நில்லுங்க, வாசப்பக்கம் வேணாம்.

– ஏன், போஸ்ட்டு சாஞ்சிருச்சா? எங்க மேல விழுமா? சொல்லு பிள்ள.

– பனி வெலகுது, இப்பத்தான் தெரியுது… சாயல அண்ணி. நேராத்தான் நிக்குது. எங்க கக்கூஸ் பக்கத்துல நின்ன போஸ்ட்டு, மண்ணோட எறங்கி இப்ப ஒங்க வாசல்ல நிக்குது.