கிளி மீட்பு, அஞ்சுகம் கைது

சரி... சட்டப் பிரிவு நம்பரெல்லாம் சொல்ல ஆரம்பிச்சதும் முன்வரிசையில ரெண்டு பேருக்குக் கண்ணு சொருகுது. தெரியுதுங்க, மேடை உயரமாத்தான் போட்டிருக்காங்க! நம்பரை ஓரமா வெச்சுட்டு உங்களுக்கு ஒரு குட்டிக் கதை சொல்றேன். கதையில ஒரு பொண்ணு, ஒரு கிளி. அவ்வளவுதான்.

பொண்ணு பேரு அஞ்சுகம். அந்தப் பேருக்கு அர்த்தம் தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு வாயை மூடிக்கிட்டு இருங்க... அப்புறம் தேவைப்படும்.

பத்தொன்பது வயசு. "தையல் கம்பெனியில வேலை வாங்கித் தர்றேன்"னு ஒருத்தன் கூட்டிட்டுப் போனான். போன இடத்துல தையல் மிஷினும் இல்ல, நூல்கண்டும் இல்ல. வெளிப்பக்கம் பூட்டு போட்ட வீடு. எட்டு மாசம். அங்க அவளுக்கு என்ன நடந்துச்சுன்னு நான் மேடையில சொல்ல மாட்டேன், அது அவ விஷயம். அதே வீட்டுல பூட்டிக் கிடந்த இன்னொரு ஜீவன், பச்சைக்கிளி.

ஒரு நாள் காலையில போலீஸ் ரெய்டு. வீட்டுக்காரன் பின்சுவர் ஏறிக் குதிச்சு ஓடிட்டான்... வேட்டி மட்டும் சுவர்ல தொங்குது! உள்ள மிச்சம் ரெண்டே பேரு. கிளியும் அஞ்சுகமும்.

கிளியைக் கூண்டுல வளர்க்கிறது தப்பாச்சே? உடனே வனத்துறைக்குப் போன் பறக்குது. வனக்காப்பாளர் வர்றார்... கையில கொய்யாப்பழம்! கூண்டுகிட்ட குனிஞ்சு கேக்குறார் பாருங்க... "அடடடா... யாருடா கண்ணு உன்னைப் பூட்டினது? சாப்பிட்டியா? பயந்துட்டியா செல்லம்?"

கிளி என்ன சொல்லுச்சு தெரியுமா? "போடா!"

"பாவம் சார், மனசு நொந்து போயிருக்கு"ங்கிறார்.

இந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் அஞ்சுகத்தை எப்படிக் கேட்டார்? "ஏய்... நீ எதுக்கு இங்க வந்த?"

"எட்டு மாசம் முன்னாடி வேலைன்னு கூட்டிட்டு வந்தாங்க சார்."

"அப்புறம் ஏன் எட்டு மாசம் இருந்த?"

"பூட்டி வெச்சிருந்தாங்க சார்."

"பூட்டினா என்ன? வெளிய போக வேண்டியதுதானே?"

ஆஹா... என்ன ஒரு கேள்வி! இந்தக் கேள்வியைக் கிளிகிட்ட கேட்டாரா? கேட்கலையே! கேட்டிருந்தா அது பதில் சொல்லியிருக்கும்... என்ன பதில்னு உங்களுக்கே தெரியும்.

ஏட்டய்யா ஒரே தாள்ல எழுதினார். ஒண்ணு... கிளி, மீட்கப்பட்டது. ரெண்டு... அஞ்சுகம், கைது செய்யப்பட்டார். கிளிக்கு ஜீப்புல முன் சீட்டு. அஞ்சுகம் வேன்ல, தரையில. கோர்ட்டுல யாரோ ஒருத்தர் அவ காதுல சொன்னார், "தப்புதான்னு ஒத்துக்கோம்மா, சாயங்காலமே விட்டுடுவாங்க." ஒத்துக்கிட்டா. விட்டுட்டாங்க. ஆனா கம்ப்யூட்டர் விடலையே!

ஒன்பது வருஷம் கழிச்சு, நர்ஸ் உதவியாளர் படிப்பு முடிச்சு, ஆஸ்பத்திரியில வேலையும் கிடைச்சாச்சு. "போலீஸ் சான்று மட்டும் கொண்டு வாம்மா." கவுண்டர்ல பேரைத் தட்டினா... "உன் மேல விபசார வழக்குல தண்டனைப் பதிவு இருக்கேம்மா!" வேலை போச்சு. இன்னொரு ஆஸ்பத்திரி, அதுவும் போச்சு. மூணாவது ஆஸ்பத்திரியில மேட்ரன் நல்லவங்க, மூணு மாசம் டைம் குடுத்தாங்க. அதுக்குள்ள சான்று வரலைன்னா அந்த வேலையும் இல்ல. எனக்கு இதைச் சொல்லும்போதே ஆத்திரமா வருதுங்க.

வக்கீல் சுலைகா பானுகிட்ட போய் அழுதா. சுலைகா லேசுப்பட்ட ஆளில்ல. பழைய கேஸ் கட்டைத் தூசி தட்டி, தும்மித் தும்மி, அந்த ஒத்தைத் தாளை எடுத்துட்டாங்க. தண்டனையை ரத்து பண்ணுங்க, பதிவை அழிங்கன்னு மேல் கோர்ட்டுல மனு.

அரசு வக்கீல் எழுந்தார். "ஐயா, ரெய்டு அன்னிக்கு இந்தப் பெண் யார் மேலயும் புகார் குடுக்கலை."

நீதிபதி அஞ்சுகத்தைப் பார்த்தார். "ஏம்மா குடுக்கலை?"

அஞ்சுகம் சொன்னா... "ஐயா, அந்தக் கிளி போலீஸ் முன்னாடியே 'போடா'ன்னு திட்டுச்சு, அதுக்குக் கொய்யாப்பழம் குடுத்தாங்க. நான் திட்டியிருந்தா இன்னொரு கேஸ் குடுத்திருப்பாங்க."

கோர்ட்டே சிரிச்சுது. நீதிபதி சிரிக்கலை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அரசு வக்கீல்... அஞ்சுகம்னா என்ன?"

"மனுதாரர் பேருங்க ஐயா."

"அர்த்தம் கேக்குறேன்."

"...கிளிங்க ஐயா."

"ஒரே வீடு, ஒரே பூட்டு, ரெண்டு கிளி. ஒண்ணு மீட்பு, ஒண்ணு கைது. இந்த முதல் கிளி மேல ஏதாவது வழக்கு இருக்கா?"

"இல்லைங்க ஐயா."

"அப்ப ரெண்டாவது கிளி மேலயும் இல்ல."

முடிஞ்சுது! தண்டனை ரத்து. எண்பத்தெட்டாவது நாள் சான்று கைக்கு வந்துச்சு. 'இவர் மீது குற்றப் பதிவு எதுவும் இல்லை.' அஞ்சுகம் அந்த ஒரு வரியை நாலு தடவை வாய்விட்டுப் படிச்சா. அப்புறம் கவுண்டர்ல இருந்தவரைப் பார்த்து, ஒன்பது வருஷமா சொல்லணும்னு வெச்சிருந்த அந்த ஒத்தை வார்த்தையை... மனசுக்குள்ளயே சொல்லிக்கிட்டு வெளிய வந்தா!

சிரிச்சீங்கல்ல? நல்லது. இப்ப நான் கேக்குறேன். அந்த வீட்டுல கிளிக்குக் கிடைச்ச கேள்வி என்ன? "யாரு உன்னைப் பூட்டினது?" மனுஷிக்குக் கிடைச்ச கேள்வி? "நீ ஏன் இருந்த?" அந்த ஒரு கேள்வி மாறினதால ஒரு பொண்ணோட ஒன்பது வருஷம் போயிடுச்சு. கதவைத் திறந்துவிட்டுட்டு, பேர்ல குத்தத்தை எழுதி அனுப்பினா அதுக்குப் பேரு மீட்பாங்க? அஞ்சுகம் மாதிரி பூட்டிக் கிடந்த பொண்ணுங்க எல்லார் பேர்லயும் இருக்கிற அந்தப் பதிவை அழிக்கணும். அது நாம காட்டுற கருணை இல்ல, நாம பண்ணின தப்பைத் திருத்துறது. அந்த ஓரத்து மேஜையில மனு இருக்கு, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.

இப்ப எல்லாரும் ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்... "யாரு பூட்டினது?"

...சத்தம் பத்தலை! கடைசி வரிசையில நீலச்சட்டைக்காரர் இன்னும் "அவ ஏன் போனா?"ன்னு முணுமுணுக்கிறார். கோவிச்சுக்காதீங்க அண்ணே, உங்களுக்கு என்ன பதில் சொல்லணும்னு கிளி எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கு!