விஜயராஜின் மறதி

மலையிலிருந்து ஜீப்பில் இறங்கும்போது முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டால் தலை சுற்றாது, டாக்டர். இன்றைக்கு அந்த இடத்தை விஜயராஜுக்கு விட்டுவிட்டேன். அதனால்தான் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன்.

வெளியே அவன் பக்கத்தில் இருப்பவள் அவன் மனைவி கல்பனா. "நீங்களே உள்ள போய்ட்டு சொல்லுங்கண்ணா. இவருக்கு எப்பலேர்ந்து இப்பிடின்னு உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்று அவள்தான் அனுப்பினாள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் தெரியும்.

என் பெயர் பூபாலன். புதூர்நாட்டில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் இன்டர்நெட் ஓரளவு நிற்கிற இடம் என் கடைதான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பிய விஜயராஜ், அங்கே ஒரு மூலையில் உட்கார்ந்து புரோகிராம் ஒன்று எழுதினான். பங்குச் சந்தையில் அதுவே வாங்கும், அதுவே விற்கும். வருகிற லாபத்தில் எனக்கும் பங்கு என்று பேச்சு.

ஆனால் அவன் பயந்தவன். பழைய விலைகளை வைத்து ஓட்டிப் பார்த்தான். பிறகு அன்றாட விலையில் பொய்க்காசை வைத்து ஓட்டிப் பார்த்தான். திரையில் லாபம் ஏறிக்கொண்டே போகும். "நெசக் காசு போடுறா" என்பேன். "இந்த மழை முடியட்டும்ணா" என்பான். மழை முடிந்தால் வேறொன்று சொல்வான். கல்பனாவின் நகையும் அவளுக்கு வந்த நிலமும் விற்ற பணம் அவனுடைய பங்குச் சந்தைக் கணக்கில் சும்மா கிடந்தது. கொஞ்சம் பெருக்கிக்கொண்டு சொந்த ஜீப் வாங்குவது அவர்கள் எண்ணம்.

பொய்க்காசா, நிஜக்காசா என்பது அந்தப் புரோகிராமில் ஒரே ஒரு சொல். அவனே எனக்குக் காட்டியிருக்கிறான். ஒரு காலையில் அவன் பலாப்பழ லோடுக்குக் கை கொடுக்க வெளியே போனபோது நான் அதை மாற்றினேன். அவனுக்குத் தெரியாமல் ஓடினால் அவன் பயம் குறுக்கே வராது, லாபம் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அவன் போன் என்னிடம் பழுதுக்கு வந்திருந்தது. கணக்கிலிருந்து செய்தி வருமே என்று அதை இன்னும் ஒருநாள் என்னிடமே வைத்துக்கொண்டேன்.

முதலில் லாபம்தான் வந்தது. மதியத்துக்கு மேல் சந்தை சரிந்தது. கையிருப்பைப்போல் பல மடங்குக்குக் கடனில் வாங்க அந்தக் கணக்கில் வழியிருந்தது. புரோகிராம் விலை விழவிழ வாங்கியது. நான் பின்னால் நின்றிருந்தேன். விஜயராஜ் சிரித்தான்.

"பாத்தீங்களாண்ணா? நெசக் காசு போட்டிருந்தா இன்னிக்கி வூடே போயிருக்கும்."

"நிறுத்திடேன்டா."

"இன்னாத்துக்கு? ஓடட்டும். எங்க ஒடையுதுன்னு பாத்தாத்தான சரி பண்ண முடியும்."

சந்தோஷத்தில் எனக்கு போண்டா வாங்கிக் கொடுத்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். வாய் வரவில்லை, டாக்டர். யார் மாற்றியது என்று கேட்பானே. போண்டாவைத் தின்றேன். சந்தை மூடும்போது எல்லாம் போயிருந்தது. புரோகிராமில் எதைத் திருத்த வேண்டும் என்று பேசிக்கொண்டே அவன் வீட்டுக்குக் கிளம்பினான்.

மறுநாள் போனைக் கொடுத்தேன். செய்திகளைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். சந்தேகத்தோடு இல்லை. அவனுக்கு அதெல்லாம் வராது.

"நான்தான் மாத்திட்டேன் போல. ஆனா மாத்துன நெனப்பே இல்லண்ணா. நீங்க எதுனா பாத்தீங்களா?"

"பாத்தேன்டா" என்றேன். "காலையில வந்ததும் அந்த வரியில கை வச்ச. இன்னான்னு எனக்குப் புரியல."

அன்றிலிருந்து அவன் தன்னையே வேவு பார்க்கத் தொடங்கினான். ஆனாலும் நடுநடுவே, "நான் செஞ்சிருக்க மாட்டேன்ணா" என்பான். அதனால் அவன் வண்டிச் சாவியை ஓரிரு முறை எடுத்து வேறிடத்தில் வைத்தேன். அவன் சொல்லாததைச் சொன்னதாகச் சொன்னேன். வேறு வழி தெரியவில்லை. அதற்கப்புறம் நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறான். தன் கைக்குழந்தையைத் தூக்க மாட்டேன் என்கிறான். "என் கை இன்னா செய்யும்னு எனக்கே தெரியல கல்பனா" என்கிறான். அவள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் தண்ணீர் பிடிக்கப் போகிறாள்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்று நினைப்பீர்கள். மூளையை ஸ்கேன் எடுக்க வேலூருக்கு எழுதித் தருகிறேன் என்றீர்கள். அந்தச் செலவு அவர்களால் ஆகாது. பாவம், வீணாக எதற்கு? அதில் ஒன்றும் தெரியப் போவதில்லை. அவனுக்கு மறதியே கிடையாது.

வெளியே போய்ச் சொல்லிவிடாதீர்கள். கல்பனாவுக்கு இப்போது நம்பிக்கையாக இருக்கிற ஆள் நான் ஒருவன்தான். அதையும் அவளிடமிருந்து எப்படிப் பிடுங்குவது? போன முறை நீங்கள் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்த வேண்டாம். அதைப் போட்ட பிறகு அவன் எதையும் கேட்பதில்லை. அவன் இப்படி நிம்மதியாக இருப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வருகிறது.